உப்பு வரியை எதிர்த்தவர் விற்பனை வரி போட்ட கதை



போன மாசம் மொரப்பூர் கடைத்தெருவுல ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினேன். பில்லுக்கு அடியில வரின்னு தனியா ஒரு தொகை இருந்துச்சு. இது எதுக்குண்ணான்னு கடைக்காரரைக் கேட்டேன். இதை முதல்ல கொண்டு வந்தவரே நம்ம ஜில்லாக்காரர்தான், போய் உங்க சாரைக் கேளுன்னு அனுப்பிட்டாரு. சாரைக் கேட்டேன், நூலகத்துலயும் தேடினேன். அவர் யார் தெரியுமா? ராஜாஜி!

ராஜாஜி பிறந்தது 1878 டிசம்பர் 10-ஆம் தேதி, ஓசூர் பக்கத்துல தொரப்பள்ளி கிராமத்துல. இன்னைக்கு அது கிருஷ்ணகிரி மாவட்டம். அப்போ தொரப்பள்ளி, தர்மபுரி, நம்ம மொரப்பூர் எல்லாமே சேலம் ஜில்லாதான். தர்மபுரி தனி மாவட்டம் ஆனதே 1965-லதான். சட்டம் படிச்சு 1900-ல சேலத்துல வக்கீலா உட்கார்ந்தார். நல்ல வருமானம். 1917-ல சேலம் நகராட்சித் தலைவர். அப்புறம் காந்தியடிகள் பின்னால போய் வக்கீல் தொழிலையே விட்டுட்டார். 1925-ல திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல ஆசிரமம் அமைச்சு, கதர் வேலையும் குடிக்கு எதிரான பிரசாரமும் செஞ்சார்.

1930-ல வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகம். இது பாடத்துல வர்றதுதான். திருச்சியிலிருந்து ஏப்ரல் 13-ஆம் தேதி நடக்க ஆரம்பிச்சு, கடற்கரையில உப்பு அள்ளி, ஜெயிலுக்குப் போனார். உப்பு வரியில என்ன தப்புன்னு நான் முன்னாடி யோசிச்சதே இல்ல. கூலிக்காரர் வீட்டுக் கூழுக்கும் பணக்காரர் வீட்டுச் சாப்பாட்டுக்கும் உப்பு ஏறக்குறைய ஒரே அளவுதானே? அப்போ வரியும் ஒரே அளவு. கால் ரூபா சம்பாதிக்கிறவருக்கும் நூறு ரூபா சம்பாதிக்கிறவருக்கும் ஒரே பாரம்!

அப்படிப்பட்டவர் 1937 ஜூலையில சென்னை மாகாணத்துக்குப் பிரதம மந்திரி ஆனார் (முதலமைச்சரை அப்போ அப்படித்தான் சொல்லுவாங்க). நிதி இலாகாவும் அவர் கையிலதான். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் மதுவிலக்கு கொண்டு வந்தார். எடுத்த எடுப்புல மாகாணம் முழுக்க இல்ல. முதல்ல சேலம் ஜில்லாவுல மட்டும். அதாவது நம்ம ஊர்லயும்தான்!

இதுல பெரிய சிக்கல் ஒண்ணு இருந்துச்சு. மாகாண அரசாங்கத்தோட வருமானத்துல சுமார் கால் பங்கு கள், சாராயத்துல இருந்துதான் வந்துச்சு. கடையை மூடினா பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரோட்டுக்கும் பணம் எங்க இருந்து வரும்? அடுத்தடுத்து சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடுன்னு மதுவிலக்கு பரவப் பரவ கஜானாவுல ஓட்டை பெருசாச்சு. அதை அடைக்கத்தான் 1939-ல பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாச் சரக்குக்கும் பொதுவா இப்படி ஒரு வரி இந்தியாவுல அதுதான் முதல் தடவை. சின்னக் கடைகளுக்கு விலக்கு கொடுத்தார். அப்பவும் வியாபாரிங்க கடுமையா எதிர்த்தாங்க. கேளிக்கை வரிச் சட்டமும் அதே வருஷம்தான். சினிமா, நாடக டிக்கெட்டும் தப்பல.

உப்பு வரி கூடாதுன்னு ஜெயிலுக்குப் போனவர், துணிக்கும் பாத்திரத்துக்கும் வரி போடலாமான்னு நான் சார்கிட்ட சண்டை போட்டேன். அவர் ஒரு கணக்கு போடச் சொன்னார். ஒருத்தர் நாலணா கூலியில ஓரணாவைக் கள்ளுக்கடையில கொடுக்கிறார்னு வெச்சுக்குவோம். கடை மூடினா அந்த ஓரணா வீட்டுக்கு வருது. அதுல அரிசியோ துணியோ வாங்குறாங்க. வரி அதுல ஒரு துளிதான். மிச்சக் காசு ஊர்க் கடைக்காரர், நெசவாளர்னு சுத்தி வருது. கணக்கு எனக்கும் சரியாத்தான் வந்துச்சு. ஆனா குடிக்காத வீட்டுக்கும் அதே வரிதானே? அதுக்கு சார் பதில் சொல்லல. மரம் ஏறிக் கள் இறக்கினவங்க பிழைப்பும் போச்சு. பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சச் சொன்னாங்க, ஆனா அதுல எல்லாருக்கும் வழி கிடைக்கல.

1939 அக்டோபர்ல, இந்தியாவைக் கேட்காம போர்ல இழுத்துவிட்டதுக்காகக் காங்கிரஸ் மந்திரிசபைகள் விலகினப்போ ராஜாஜியும் விலகினார். போர் நடந்த காலத்துலயே கவர்னர் ஆட்சியில மதுவிலக்கை நிறுத்தி வெச்சாங்க. விற்பனை வரியை மட்டும் நிறுத்தல! ஓட்டையை அடைக்கப் போட்ட வரி, ஓட்டை இல்லாதப்பவும் நின்னுடுச்சு. மாகாணம் முழுக்க மதுவிலக்கு 1948-லதான் வந்துச்சு.

அதே 1948-ல ராஜாஜி இந்தியாவோட கவர்னர் ஜெனரல் ஆனார். 1952-ல மறுபடியும் முதலமைச்சர். 1953-ல அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பா செய்யுற தொழிலைக் கத்துக்கணும்னு ஒரு திட்டம் போட்டார். கட்டடமும் வாத்தியாரும் போதல, பாதிப் பாதியா வந்தா நிறையப் பேர் படிக்கலாம்னு காரணம் சொன்னாங்க. இந்த இடத்துல எனக்கு அவர் மேல கோபம்தான். கணக்கைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்க்கல. எதிர்ப்பு பலமாகி 1954-ல பதவியை விட்டார். அடுத்து வந்த காமராஜர் காலத்துல அதே ஏழை மாநிலம்தான் மதிய உணவும் போட்டுச்சு.

1971-ல தமிழ்நாட்டுல மதுவிலக்கைத் தளர்த்தப் போறாங்கன்னதும், 92 வயசுல கொட்டுற மழையில முதலமைச்சர் கருணாநிதி வீட்டுக்கே போய் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். அரசு தன் நிதி நிலைமையைச் சொல்லிச்சு. கடைகள் திறந்துச்சு. 1972 டிசம்பர் 25-ல ராஜாஜி காலமானார்.

விற்பனை வரி 2007-ல வாட் ஆச்சு, 2017-ல ஜிஎஸ்டி வந்துச்சு. ஜிஎஸ்டியில மது சேரல. அதனால தமிழ்நாட்டுல பாட்டிலுக்கு ஆயத்தீர்வையும் உண்டு, வாட்டும் உண்டு. சாராயக் காசு வேண்டாம்னு கண்டுபிடிச்ச வரி, இப்போ சாராயத்து மேலயே விழுது. அந்தக் கஜானாவுல இருந்துதான் நம்ம பாடப்புத்தகம், சத்துணவு, சைக்கிள் எல்லாம் வருது. சனிக்கிழமை கூலி போடுற அன்னைக்கு எங்க வீதியில சில வீட்டுல என்ன நடக்கும்னு இங்க எழுத வேணாம்னு பார்க்கிறேன். எனக்கும் அரசு சைக்கிள் கொடுத்தாங்க. அதுலதான் தினமும் பள்ளிக்கூடம் வர்றேன்.

— 11-ஆம் வகுப்பு, வணிகவியல் பிரிவு