ஆசார்யர் உண்ட உப்பு

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கு. ஒரு நாடு தன் பொருளைச் செலவிட்டுப் பிற நாட்டு மாணவன் ஒருவனைப் படிக்க வைத்தால், அவன் அந்த நாட்டை எவ்வாறு நினைப்பது? குறையே கூறாமல் வாழ்த்திக்கொண்டிருக்க வேண்டுமா? இதற்கு விடையாக வாழ்ந்து காட்டிய பெரியார் ஒருவர் இந்தக் கல்கத்தா நகரில் இருந்தார். அவரே ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய்.

இன்று வங்காள தேசத்தில் உள்ள குல்னாப் பகுதியில், ராருளி என்னும் சிற்றூரில் 1861 ஆகஸ்டு 2-ஆம் நாள் அவர் பிறந்தார். சிறு வயதில் கண்ட வயிற்றுக் கடுப்பு பள்ளிப் படிப்பைக் குலைத்தது. படுக்கையிலும் புத்தகத்தை விடாத பிள்ளை, இலத்தீனும் பிரெஞ்சும் கற்றுக்கொண்டது. பின்னர் வித்தியாசாகரின் மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் சேர்ந்து, இரசாயனப் பாடம் கேட்கப் பிரெசிடென்சிக் கல்லூரிக்குச் சென்று வந்தார். தந்தையின் செல்வம் கரைந்துகொண்டிருந்த காலம் அது. சீமைப் படிப்புக்குப் போட்டித் தேர்வைத் தவிர வேறு வழி இல்லை. 1882-இல் கில்கிறிஸ்து உபகாரச் சம்பளம் பெற்று எடின்பரோவுக்குக் கப்பலேறினார். அந்த ஆண்டு இந்தியா முழுவதிலுமிருந்து அதை வென்றவர் இருவரே. மற்றவர் பம்பாயைச் சேர்ந்த ஒரு பார்சி இளைஞர்.

அந்த உபகாரத்தின் மூலத்தையும் நாம் அறிவது நல்லது. கில்கிறிஸ்து என்பவர் எடின்பரோவில் பிறந்து, கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் இந்துஸ்தானி மொழி கற்பித்தவர். நெடுங்காலம் இந்தியாவில் வாழ்ந்து பொருளீட்டியவர். அவர் கல்விக்கென விட்டுச் சென்ற நிதியே ஒரு வங்காளி மாணவனுக்கு உணவளித்தது. அதில் இந்நாட்டு உப்பும் கலந்திருந்தது எனலாம்.

எடின்பரோவில் கிரம் பிரவுன் என்னும் பேராசிரியரிடம் பயின்று 1885-இல் பி.எஸ்ஸி., 1887-இல் டி.எஸ்ஸி. பட்டங்கள் பெற்றார். இடையில் ஒரு சோதனை வந்தது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு முன்னும் பின்னும் இந்தியா இருந்த நிலை பற்றிப் பல்கலைக் கழகம் கட்டுரைப் போட்டி ஒன்று நடத்தியது. பரிசு அறிவித்தவர் முன்னர் இந்திய மந்திரியாக இருந்த ஐட்ஸ்லி பிரபு. புகழ்ந்து எழுதினால் பயன் உண்டு என்பதை ராய் அறியாதவர் அல்லர். எனினும் பிரிட்டிஷ் ஆட்சியின் குறைகளை ஒளிவு மறைவின்றி எழுதினார். பரிசு கிடைக்கவில்லை, கட்டுரை சிறந்தவற்றுள் ஒன்று என மதிக்கப்பட்டது. அவர் அதை அச்சிட்டு வெளியிட்டார். ஜான் பிரைட் என்னும் ஆங்கிலத் தலைவர் அதற்குப் பரிவோடு பதில் எழுதினார். அதே பல்கலைக் கழகம் பின்னர் அவருக்கு ஹோப் பரிசையும் அளித்தது. ஆட்சியாளர் வேறு, ஆசிரியர் வேறு என்பதை அவர் அங்கேயே கண்டுகொண்டார்.

1888-இல் தாயகம் திரும்பினார். உயர்தரக் கல்விப் பணி வெள்ளையருக்கே பெரும்பாலும் உரியதாயிருந்ததால், ஓராண்டு வேலையின்றி இருந்து, 1889-இல் பிரெசிடென்சிக் கல்லூரியில் 250 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். மனம் கசந்து ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. மெர்க்குரஸ் நைட்ரைட்டைக் கண்டறிந்து 1896-இல் வெளியிட்டார். 1892-இல் தொடங்கிய சிறு மருந்துத் தொழிலை 1901-இல் பெங்கால் கெமிக்கல் கம்பெனியாக்கினார். பிரான்சு நாட்டு அறிஞர் பெர்த்தெலோவோடு நடத்திய கடிதப் போக்குவரத்தின் தூண்டுதலால், நம் பழைய இரசாயன நூல்களை ஆராய்ந்து இந்து இரசாயன வரலாறு எழுதினார். அதன் முதற் பகுதி 1902-இல் வெளிவந்தது. 1919-இல் அரசாங்கம் சர் பட்டம் அளித்தது. அதே ஆண்டில் ரௌலட் மசோதாவை எதிர்த்துப் பொதுக்கூட்டத்தில் பேசினார்!

தஞ்சைச் சீமையிலிருந்து வந்து, காளிகாட்டில் அறை எடுத்துத் தங்கி, இந்நகரில் இரசாயனம் பயிலும் எனக்கு இவ்வரலாறு வெறும் பழங்கதை அன்று. லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கி நம் ஊர்ச் சமையல் உண்டாலும், நான் உண்பதும் வங்காளத்து உப்பே. நம் சங்கத்து அன்பர் பலரைப் போல நானும் அயல்நாட்டு உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரு நாட்டு நல்லுறவுக்கு என் படிப்பு எவ்வாறு உதவும் என்று அதில் ஒரு வினா. இனிப்பாக நாலு வரி எழுதிவிடுங்கள் என்கின்றனர் நண்பர்கள். ராய் எழுதிய கட்டுரையை எண்ணும்போது பேனா அப்படி ஓட மறுக்கிறது. கொடுத்தவரிடம் உண்மை பேசுவதும் நன்றியில் சேர்ந்ததே என்று நான் கருதுகிறேன். புகழுரையால் வளரும் உறவு ஆட்சி மாறினால் மாறிவிடும். எடின்பரோவுக்கும் கல்கத்தாவுக்கும் ராய் உண்டாக்கிய உறவோ ஆய்வுக்கூடத்தில் வேரூன்றியது.

1916-இல் புதிய விஞ்ஞானக் கல்லூரிக்கு வந்த அவர், அக்கட்டடத்திலேயே ஓர் எளிய அறையில் வாழ்ந்தார். அறுபது வயதான 1921 முதல் தம் சம்பளத்தைக் கல்லூரிக்கே விட்டுக்கொடுத்தார். மணம் செய்துகொள்ளாத அவருக்கு மாணவரே மக்கள். நீல்ரத்தன் தர், ஞானச் சந்திர கோஷ் ஆகியோர் அவரிடம் பயின்று, கடல் கடந்து ஆராய்ந்து, தாயகம் திரும்பி ஆசிரியராயினர். கோஷ் 1950-இல் கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநரானார். 1944 ஜூன் 16-ஆம் நாள் அந்த எளிய அறையிலேயே ராய் மறைந்தார். கல்லூரி முன்னே செல்லும் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கடல் கடக்கவிருக்கும் அன்பர்களே! உப்பிட்டவரை நினையுங்கள், அவரிடம் மெய்யும் பேசுங்கள். திரும்பி வந்தபின், அடுத்து வரும் மாணவனுக்கு ஒரு பிடி உப்பு எடுத்து வையுங்கள்.