சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்

மாமல்லபுரத்துக் குகைக் கோயில்களுள் மகிடாசுரமர்த்தினி மண்டபம் ஒன்று. அதன் சுவரில், சிங்கத்தின்மேல் அமர்ந்து, வில்லேந்தி, எருமைத்தலை அசுரனை எதிர்த்து நிற்கும் கொற்றவையின் உருவத்தைப் பல்லவர் காலச் சிற்பி செதுக்கி வைத்துள்ளான். எழுத்தறியாதாரும் அதனைக் கண்ட அளவிலே பெண்மையின் ஆற்றலை உணர்வர். கேட்ட செய்தி மறந்து போகலாம். கண்ட காட்சி நெஞ்சில் நிலைபெறும். ஆயினும், கல்லிலே கண்ட அவ்வீரத்தைத் தம் தெருவில் வாழும் பெண்ணொருத்தியிடம் காணும் பேறு, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்த சிறுமியர்க்கு அரிதாகவே இருந்தது. அக்குறையைத் தம் வாழ்வினாலேயே நீக்க முற்பட்டவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர். தாயார் விசாலாட்சி அம்மையார். குழந்தைப் பருவத்திலேயே சுப்புலட்சுமியின் அறிவுக்கூர்மை வெளிப்பட்டது. ஒன்பதாம் வயதில், செங்கற்பட்டு மாவட்டத்தில் நடைபெற்ற நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதன்மையாகத் தேறினார்.

அக்கால வழக்கப்படி, பருவம் எய்துமுன்னரே அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணம் முடிந்த சில காலத்திற்குள் கணவர் இறந்துபட்டார். பொம்மை வைத்து விளையாடும் பருவத்திலேயே அச்சிறுமி கைம்பெண் ஆனாள்.

அந்நாளில் இளங்கைம்பெண்களின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. நல்லாடையும் நகையும் அவர்கட்கு விலக்கப்பட்டன. திருமணம் முதலிய மங்கல விழாக்களில் அவர்கட்கு இடமில்லை. வெளியே புறப்படுவார் எதிரில் கைம்பெண் வருதல் தீய சகுனம் என்று கருதப்பட்டது. ஆதலால், பிறர் கண்ணிற் படாது வீட்டின் பின்கட்டில் ஒடுங்கிக் கிடப்பதே அவர்கள் கடன் ஆயிற்று. இக்கொடுமை அவர்களை மட்டும் வருத்தவில்லை. கைம்பெண்ணும் கற்றுத் தேர்ந்து தலைநிமிர்ந்து வாழக்கூடும் என்பதனை அறிய ஏனைய சிறுமியர்க்கும் வழியில்லாமற் போயிற்று.

கல்வி

சுப்புலட்சுமியின் பெற்றோர் தம் மகளை அவ்வாறு ஒடுக்கி வைக்க ஒருப்படவில்லை. தந்தையார் வீட்டிலேயே அவருக்குக் கல்வி புகட்டினார். பின்னர்ப் பள்ளிக்கும் அனுப்பினார். உறவினரும் ஊராரும் பழித்தனர். பெற்றோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளியில் அவர் பயின்றபோது, தம் வாழ்நாளையே கற்பித்தற்பணிக்கு ஒப்படைத்திருந்த அப்பெண்டிரின் தொண்டு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. தம் சமயத்தினின்று வழுவாமலே, தாமும் அவ்வாறு தொண்டாற்றலாம் என்று துணிந்தார். பிற்காலத்தில் மக்கள் அவரைச் 'சகோதரி' என்று அழைத்தது இத்தொண்டு நெறி பற்றியே ஆகும்.

1911-ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறி இளங்கலைப் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி என்று அவர் போற்றப்படுகின்றார். அவர் பிறந்த ஆண்டிலேயே பிறந்த முத்துலட்சுமி அம்மையார் அதற்கு அடுத்த ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். பெண்களுக்குக் கல்வி ஏலாது என்று வாதிட்டோர்க்கு இவ்விருவர் வாழ்வுமே விடையாக அமைந்தன.

கடற்கரை இல்லம்

பட்டம் பெற்ற அம்மையார் தம் நலம் கருதி அமைதியுறவில்லை. தம்மைப் போன்ற சிறுமியர் பல்லாயிரவர் இருளில் வாடுவதை எண்ணினார். 1912-இல் சாரதா மகளிர் சங்கத்தை நிறுவினார். இளங்கைம்பெண்கள் தங்கிப் படிக்க ஓர் இல்லமும் அமைத்தார். பெண் பள்ளிகளின் மேற்பார்வையாளராயிருந்த கிறிஸ்டினா லிஞ்சு என்னும் அம்மையார் இம்முயற்சிக்குத் துணை நின்றார்.

திருவல்லிக்கேணிக் கடற்கரையில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-இல் கட்டப்பெற்ற மாளிகை ஒன்று உண்டு. 1897-இல் விவேகானந்தர் தங்கிய இடமும் அதுவே. ஐஸ் ஹவுஸ் எனப்பட்ட அம்மாளிகைக்கு இல்லம் பின்னர் மாறியது. பின்கட்டில் மறைந்து கிடந்தவர்கள் கடற்காற்று வீசும் வெளியில் புத்தகமும் கையுமாய் உலவினர். கற்று ஆசிரியைகளாகி வெளியூர்ப் பள்ளிகளுக்குச் சென்றனர். எந்தப் பெண்ணை எதிரே கண்டால் தீது என்று கருதினரோ, அந்தப் பெண்ணே வகுப்பில் நாள்தோறும் சிறுமியர் எதிரே நின்று கற்பித்தாள்! நூறு சொற்பொழிவுகள் செய்யாத மாற்றத்தை அக்காட்சி செய்தது.

தொடக்கத்தில் அவ்வில்லம் அந்தணர் குலத்துக் கைம்பெண்களுக்கே உரியதாயிருந்தது. அது கால நிலையால் நேர்ந்த குறை. வயது முதிர்ந்த மகளிரும் பயிலுதற்கென அம்மையார் சாரதா வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். அதனைப் பின்னர் இராமகிருஷ்ண மிஷனார் ஏற்று நடத்தினர். 1922-இல் தொடங்கப்பெற்ற வெலிங்டன் சீமாட்டி ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல் தலைவியாகவும் அம்மையார் விளங்கினார்.

பொதுத்தொண்டு

குழந்தை மணத்தால் விளையும் துன்பத்தைத் தாமே பட்டறிந்தவர் ஆதலின், அதனை ஒழிக்கும் சட்டத்திற்காக அம்மையார் உழைத்தார். 1929-இல் இயற்றப்பட்ட குழந்தை மணத் தடைச்சட்டம், பெண்ணின் மணவயது பதினான்கிற்குக் குறைதல் கூடாது என விதித்தது. 1952 முதல் 1956 வரை அம்மையார் சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராயிருந்தார். 1958-இல் இந்திய அரசு 'பத்மஸ்ரீ' விருதளித்துச் சிறப்பித்தது.

அறுபத்தெட்டாம் வயதினும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1954-இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் என்னும் சிற்றூரில் மகளிர்க்கும் குழந்தைகட்கும் நலநிலையம் நிறுவினார். சிறுமியாய்த் தேர்வெழுதிய செங்கற்பட்டு மாவட்டத்திற்கே தொண்டராய் மீண்டும் வந்தார். நகரத்து மாளிகையில் ஏற்றிய விளக்கைச் சிற்றூர்க் குடிசைக்கும் கொண்டு சென்றார்.

அம்மையார் 1969-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

 தமக்குப் பின்னே வருவோர் காணுமாறு நடந்தார். இன்று பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஆட்சி மன்றத்திலும் மகளிர் பணிபுரிதல் நமக்கு இயல்பான காட்சியாயிற்று. அதனைக் காணுந்தோறும், அக்காட்சியைக் காட்டத் துணிந்தவருள் ஒருவரான அம்மையாரை மாணவ மாணவியர் நினைத்தல் வேண்டும். தமக்குப் பின் வருவோர் காணத்தக்கவாறு தாமும் வாழ்தல் வேண்டும்.