ஈலி கல்பெர்ட்சன்: சீட்டு மேசையில் ஒரு தம்பதி

நம் குடியிருப்பில் முந்நூற்றி நாலு ஆடத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆடத் தெரியாதவர்களும் பார்த்திருப்பீர்கள். காரைக்குடிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பந்திக்கும் அடுத்த சடங்குக்கும் நடுவே, முகப்பில் பாயை விரித்து நாலு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். எதிரெதிரே உட்கார்ந்த இருவர் ஒரு கட்சி. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று கூட்டினால் ஓர் இனத்துக்கு 76 வரும். நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. ஆட்டத்தின் பெயர் அந்தக் கணக்குதான்.

இந்த ஆட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? எதிராளிகள் இடமும் வலமும் இருப்பார்கள். ஆனால் சண்டை எப்போதும் எதிரே இருக்கும் சொந்தக் கட்சிக்காரரோடுதான் வரும். துருப்பை ஏன் அப்போதே இறக்கவில்லை, அந்த ஆஸை ஏன் வைத்துக்கொண்டே இருந்தீர்கள் என்று அடுத்த ஆட்டம் வரை விசாரணை ஓடும். உலகம் முழுக்கப் புகழ் பெற்ற ஒரு சீட்டாட்டக்காரரின் வாழ்க்கை இந்த இடத்தில்தான் நமக்குச் சுவையாகிறது. அவர் பெயர் ஈலி கல்பெர்ட்சன். அவர் ஆடியது நம் ஆட்டத்துக்குத் தூரத்து உறவான பிரிட்ஜ்.

1891-ல் ருமேனியாவில் பிறந்தவர். அப்பா அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர், அம்மா ரஷ்யக் கோசாக் குடும்பத்துப் பெண். காகசஸ் எண்ணெய்க் கிணறுகளால் வந்த செல்வத்தில் வளர்ந்தார். 1917 ரஷ்யப் புரட்சியோடு அந்தச் செல்வம் போனது. பர்மாவில் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஊர் திரும்பிய குடும்பங்களின் கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல மொழிகள் பேசத் தெரியும், நிலையான வேலை எதுவும் இல்லை. பாரிஸில் சீட்டாடிப் பிழைத்தார். 1921-ல் நியூயார்க் வந்து அங்கேயும் அதையே செய்தார்.

அந்த ஊரில் ஜோசபின் டில்லன் என்ற பெண்மணி பிரிட்ஜ் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல ஆசிரியை என்று பெயர் வாங்கியவர். 1923-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அப்போது சீட்டு உலகில் பெயரும் மதிப்பும் இருந்தது மனைவிக்குத்தான். கணவரை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. பிற்காலத்தில் இதை எல்லோரும் மறந்துவிட்டார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

1925-ல் ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்ற செல்வந்தர் ஒரு கப்பல் பயணத்தின்போது பழைய பிரிட்ஜின் புள்ளிக் கணக்கைத் திருத்தியமைத்தார். அதுதான் இன்று ஆடப்படும் காண்ட்ராக்ட் பிரிட்ஜ். 52 சீட்டு, ஆளுக்கு 13, மொத்தம் 13 பிடி. எந்த இனம் துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று முதலில் ஏலம் கேட்க வேண்டும். கேட்ட அளவுக்குத்தான் பெரிய பரிசுப் புள்ளி. எடுக்க முடியாவிட்டால் அபராதம். ஆகவே கையில் இருப்பதை எதிரே இருப்பவருக்கு எப்படியாவது தெரிவித்தாக வேண்டும். கண் சாடை, இருமல், மூக்கைச் சொறிவது எல்லாம் (நம்மூரில் இவற்றில் பட்டம் வாங்கியவர்கள் உண்டு) அங்கே செல்லாது. ஏலத்தில் சொல்லும் எண்ணும் இனமும் மட்டுமே பேச்சு.

கல்பெர்ட்சன் இதில் ஒரு தொழிலைப் பார்த்தார். ஏலத்துக்கென ஒரு முறையை உருவாக்கிவிட்டால், நாட்டில் ஆடுகிற ஒவ்வொரு ஜோடியும் அதைக் கற்க வேண்டியிருக்கும். 1929-ல் ஒரு பிரிட்ஜ் பத்திரிகை தொடங்கினார். 1930-ல் அவருடைய நீலப் புத்தகம் வந்து அமோகமாக விற்றது. விளம்பரக் கலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆட்டத்தைக் கணவன் மனைவி ஆட்டமாகவே விற்றார். வீட்டு மேசையில் இருவரும் சேர்ந்து ஆடலாம், எதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளலாம் என்பது அதன் கவர்ச்சி. அதே 1929-ல் கான்சாஸ் சிட்டியில் ஒரு வீட்டில் பிரிட்ஜ் ஆடும்போது, கேட்ட பிடிகளைக் கணவர் எடுக்கத் தவறினார். வாய்ச்சண்டை முற்றிக் கணவர் மனைவியை அறைந்தார். மனைவி துப்பாக்கியை எடுத்துவந்து அவரைச் சுட்டுக் கொன்றார். வழக்கில் அந்தப் பெண் விடுதலையானார். கல்பெர்ட்சன் இந்தச் செய்தியையும் விடவில்லை. தன் ஏல முறை தெரிந்திருந்தால் இது நடந்திருக்காது என்கிற தோரணையில் பயன்படுத்திக்கொண்டார். எனக்கு அது அருவருப்பாகத்தான் படுகிறது.

அவர் வளர்ச்சியைப் பொறுக்காத பழைய நிபுணர்கள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு பொது ஏல முறையை அறிவித்தார்கள். அவர்களில் மூத்தவரான சிட்னி லென்ஸை கல்பெர்ட்சன் பந்தயத்துக்கு அழைத்தார். தான் தோற்றால் 5,000 டாலர், லென்ஸ் தோற்றால் 1,000, எதுவானாலும் தருமத்துக்கு. மொத்தம் 150 ரப்பர் ஆடுவதாக ஒப்பந்தம். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் ஒரு ரப்பர். 1931 டிசம்பர் 7-ல் நியூயார்க்கின் ஒரு ஹோட்டலில் ஆட்டம் தொடங்கியது. நாளிதழ்கள் அதை முதல் பக்கத்தில் போட்டன. பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்து கிடந்த நாடு, நாலு பேர் சீட்டாடுவதைத் தினமும் படித்தது. நடுவராக இருந்த இளம் ராணுவ அதிகாரி ஆல்பிரட் குருந்தர் பின்னாளில் நேட்டோ படைகளுக்கே தலைமைத் தளபதியானார்!

லென்ஸுக்கு வயது 58, மந்திர வித்தையும் தெரிந்தவர். அவருடைய ஜோடி ஆஸ்வால்ட் ஜேக்கபிக்கு ஆட்டம் தொடங்கிய மறுநாள்தான் 29 நிறைந்தது. கையில் ஒன்றுமில்லாமலே எதிராளியைக் குழப்ப ஏலம் கேட்பது ஜேக்கபிக்குப் பிடித்த உத்தி. அது எதிராளியைக் குழப்பியதோ இல்லையோ, லென்ஸைக் குழப்பியது. முதலில் முன்னணியில் இருந்தவர்கள் பின்தங்கத் தொடங்கினார்கள். லென்ஸ் எல்லோர் முன்னிலையிலும் தன் ஜோடியைக் குறை சொன்னார். 103-வது ரப்பர் முடிந்ததும் ஜேக்கபி விலகிப் போய்விட்டார். மீதியை லென்ஸ் வேறொருவரோடு ஆடி முடித்தார்.

மேசையின் மறுபக்கம் கல்பெர்ட்சனோடு ஒத்துப்போவதும் லேசான காரியமில்லை. தாமதமாக வருவார். ஒரு சீட்டை இறக்க நிமிடக் கணக்கில் யோசிப்பார். ஆனால் எதிரே பாதிக்கும் மேற்பட்ட ரப்பர்களில் ஜோசபின் இருந்தார். முகத்தில் எதுவும் தெரியாது, குரல் உயராது, சொன்ன ஏலத்துக்கு ஒரே பொருள்தான். ஜனவரி 8-ல் கணக்கு முடிந்தபோது 879 முறை சீட்டுப் போட்டிருந்தார்கள். கல்பெர்ட்சன் கட்சி 8,980 புள்ளி முன்னால் நின்றது. அதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் கைக்கு வந்த ஆஸ் 1,745, லென்ஸ் கட்சிக்கு 1,771. ராஜாக்கள் 1,775-க்கு 1,741. சீட்டு இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகத்தான் விழுந்திருந்தது.

பிறகு பணமும் புகழும் கொட்டின. 1935-ல் இன்னொரு புகழ்பெற்ற தம்பதியான சிம்ஸ் ஜோடியையும் 150 ரப்பரில் பதினாறாயிரம் புள்ளிக்கு மேல் வென்றார்கள். நம் கிளப் ஹவுஸ் சீட்டு மேசையில் இன்றும் நாலு நாற்காலியிலும் ஆண்கள்தான். கிட்டத்தட்ட தொண்ணூறு வருடத்துக்கு முன்பே அங்கே தலைசிறந்த மேசையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மேசையில் சேர்ந்தது வீட்டில் சேரவில்லை. கல்பெர்ட்சன் ஊதாரி, பிறர் பேச்சைக் கேட்காதவர், புகழ் இல்லாமல் இருக்க முடியாதவர். 1937-ல் புடாபெஸ்டில் நடந்த உலகப் போட்டியில் இருவரும் ஒரே அணியில் ஆடி, இறுதியில் ஆஸ்திரிய அணியிடம் தோற்றார்கள். அடுத்த வருடம் விவாகரத்து. இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். தொழில் உறவு மட்டும் அறுபடவில்லை. புத்தகங்களும் பத்திரிகையும் அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியாதவை.

அதன்பின் அவர் சீட்டிலிருந்து மெல்ல ஒதுங்கி, உலக சமாதானத்துக்கு ஒரு திட்டம் வரைந்தார். ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்வளவு படை என்று பங்கு வகுத்துப் பொதுப் படை வைப்பது அதன் சாரம். 1943-ல் புத்தகமாக வந்தது. ஐ.நா. சபையைத் திருத்த வேண்டும் என்று பல வருடம் அலைந்து பிரசாரம் செய்தார். யாரும் அந்த ஏலத்தை ஏற்கவில்லை. இதற்கிடையே சார்லஸ் கோரன் என்பவர் ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்ற எளிய கணக்கைப் பரப்பி, பிரிட்ஜ் உலகின் புதிய குரு ஆகிவிட்டார். இன்று பிரிட்ஜ் கற்றால் உங்களுக்கும் முதலில் சொல்லித்தருவது இந்தக் கணக்கைத்தான்.

1955 டிசம்பர் 27-ல், வெர்மாண்ட் மாநிலத்து பிராட்டில்போரோவில் கல்பெர்ட்சன் இறந்தார். வயது 64. சில மாதங்களில், 1956-ல், ஜோசபினும் இறந்தார்.