கைத்துப்பாக்கி மன்னன் பிரவுனிங்

1911-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி காலை. மணியாச்சி ரெயில் நிலையம்.

முதல் வகுப்புப் பெட்டியில் நெல்லைக் கலெக்டர் ஆஷ் துரை தன் மனைவியுடன் உட்கார்ந்திருந்தார். செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் என்ற வாலிபர் அந்தப் பெட்டியை நெருங்கினார். கைத்துப்பாக்கியை எடுத்தார். சுட்டார். ஆஷ் துரை சாய்ந்தார். சற்று நேரத்தில் வாஞ்சிநாதன் தம்மையும் சுட்டுக்கொண்டு உயிர் நீத்தார்.

வாஞ்சிநாதன் கையில் இருந்த துப்பாக்கி பெல்ஜியம் நாட்டில் செய்யப்பட்டது. அதன் பெயர் பிரவுனிங்.

பிரவுனிங் என்பது ஒரு மனிதரின் பெயர். அவர் அமெரிக்கர். முழுப் பெயர் ஜான் மோசஸ் பிரவுனிங். சட்டைப் பையில் அடங்கும் கைத்துப்பாக்கியை சாதாரண மக்களும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

விலை மலிவான துப்பாக்கியை நம்பலாமா? தேவையான நேரத்தில் அது சுடுமா, மக்கர் செய்யுமா? அந்தக் காலத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி இது. பிரவுனிங்கின் வாழ்க்கையே இந்தக் கேள்விக்குப் பதில்.

பட்டறையில் பிறந்த பிள்ளை

அமெரிக்காவின் மேற்கே யூட்டா என்ற பிரதேசம் இருக்கிறது. அங்கே ஆக்டன் என்ற சிற்றூர். 1855-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி பிரவுனிங் அங்கு பிறந்தார்.

தகப்பனார் ஜோனதன் துப்பாக்கிக் கொல்லர். மார்மன் என்ற கிறிஸ்தவ சமயப் பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவினர் அக்காலத்தில் பலதார மணம் செய்வது உண்டு. ஜோனதனுக்கு மூன்று மனைவியர், 22 பிள்ளைகள்.

பெரிய குடும்பம், சின்னப் பட்டறை. ஊர்க்காரர்கள் பழுதான துப்பாக்கிகளைக் கொண்டு வருவார்கள். அவற்றைப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. பிரவுனிங் தவழ்ந்து விளையாடியது அந்தப் பட்டறையில்தான். எந்தத் துப்பாக்கி எதனால் கெட்டுப் போகிறது என்பதைச் சிறு வயதிலேயே அவர் கண்ணால் பார்த்தார். எந்தப் பாகம் முறிகிறது, எங்கே அழுக்கு சேருகிறது, எந்த வில் தளர்ந்து போகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

பத்து வயதில் அவர் தாமே ஒரு துப்பாக்கி செய்தார். குப்பையில் கிடந்த பழைய குழல், ஒரு மரத்துண்டு, கொஞ்சம் கம்பி, இவ்வளவுதான் சாமான். தம்பி மாட்டை அழைத்துக்கொண்டு வயல்வெளிக்குப் போனார். காட்டுக் கோழிகளைச் சுட்டுக் கொண்டுவந்தார். மறுநாள் காலை வீட்டில் கோழிக் கறி!

எட்டாயிரம் டாலர்

தகப்பனார் 1879-ல் காலமானார். குடும்ப பாரம் பிள்ளைகள் மேல் விழுந்தது. அதே ஆண்டில் பிரவுனிங்கின் முதல் துப்பாக்கிக்கு அரசாங்கம் காப்புரிமை வழங்கியது. ஒரு முறைக்கு ஒரு தோட்டா போட்டுச் சுடும் நீளத் துப்பாக்கி அது. சகோதரர்கள் சேர்ந்து பட்டறையிலேயே அதைச் செய்து விற்றார்கள்.

அந்தத் துப்பாக்கி ஒன்று எப்படியோ வின்செஸ்டர் கம்பெனியாரின் கைக்குப் போயிற்று. அமெரிக்காவின் மிகப் பெரிய துப்பாக்கிக் கம்பெனிகளில் அதுவும் ஒன்று. 1883-ல் கம்பெனியின் பெரிய அதிகாரி கிழக்கே இருந்து ரெயில் ஏறி ஆக்டனுக்கே வந்துவிட்டார். எட்டாயிரம் டாலர் கொடுத்து உரிமையை வாங்கிக்கொண்டார். பட்டறைக்காரருக்கு அது பெரும் செல்வம்.

அதன் பிறகு பிரவுனிங் வரிசையாகப் புதுப் புதுத் துப்பாக்கிகளைச் செய்து தந்தார். வின்செஸ்டர் கம்பெனி வாங்கிக்கொண்டே இருந்தது. பெயர் கம்பெனிக்கு, மொத்தப் பணம் இவருக்கு. இப்படி 19 ஆண்டுகள் நடந்தன.

புல் சாய்ந்தது, புத்தி விழித்தது

1889-ல் ஒரு நாள். நண்பர்கள் துப்பாக்கி சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். பிரவுனிங் வேடிக்கை பார்த்தார். ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி முனைக்கு முன்னால் இருந்த புல் சாய்வதைக் கவனித்தார்.

எல்லோரும் பார்த்த காட்சிதான். இவர் மட்டும் யோசித்தார். புல்லைச் சாய்க்கும் சக்தி வீணாகப் போகிறதே! அந்தச் சக்தியையே அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலைக்குப் பயன்படுத்தினால் என்ன?

இந்த யோசனையில் அவருடைய இயந்திரத் துப்பாக்கி பிறந்தது. வெடியின் சக்தியையே வேலை வாங்கும் எண்ணம் பிறகு கைத்துப்பாக்கிக்கும் வந்தது.

அது வரை மக்கள் நம்பியது ரிவால்வரைத்தான். அதில் ஒரு சுழலும் உருளை இருக்கும். ஆறு ஓட்டை, ஆறு தோட்டா. பருமனானது, ஆனால் நம்பிக்கையானது.

பிரவுனிங் செய்தது வேறு. ஒரு முறை சுட்டதும் வெடியின் உதைப்பு மேல் பாகத்தைப் பின்னால் தள்ளும். காலித் தோட்டா வெளியே தெறிக்கும். உள்ளே இருக்கும் வில் அந்தப் பாகத்தை மறுபடி முன்னால் இழுக்கும். அப்போது அடுத்த தோட்டா தானாக ஏறிவிடும். சுடுகிறவர் விசையை மறுபடி அழுத்தினால் போதும். ஒரு அழுத்துக்கு ஒரு வெடி.

ஜெர்மனியில் இதே மாதிரித் துப்பாக்கிகள் முன்பே வந்திருந்தன. அவை பெரியவை, சிக்கலானவை, விலையும் அதிகம். பிரவுனிங்கின் துப்பாக்கி தட்டையானது. பாகங்கள் குறைவு. பாகம் குறைந்தால் செய்யும் செலவு குறையும். முறிந்து போகக் கூடியதும் குறையும். பட்டறையில் சிறு வயதில் கற்ற பாடம் இது.

சைக்கிள் பார்க்க வந்தவர்

பெல்ஜியம் நாட்டில் ஹெர்ஸ்டால் என்ற ஊரில் எப்.என். என்ற துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. வேலை இல்லாமல் திண்டாடியது. துப்பாக்கி மட்டும் செய்தால் போதாது என்று சைக்கிளும் செய்தது. 1897-ல் அதன் பிரதிநிதி ஒருவர், சைக்கிள் தொழிலைப் பார்த்து வர அமெரிக்கா போனார். போன இடத்தில் பிரவுனிங்கைச் சந்தித்தார். சைக்கிள் பார்க்கப் போனவர் கைத்துப்பாக்கியோடு திரும்பினார்!

தொழிற்சாலையில் அதைச் சுட்டுப் பார்த்தார்கள். திருப்தியாக இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1900-ல் பெல்ஜிய இராணுவமே அந்தத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. ஏழு தோட்டா; எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு.

பொது மக்களும் வாங்கினார்கள். கடைக்காரர், பயணிகள், இரவில் வெளியே போகிறவர்கள் என்று பலரும் வாங்கினார்கள். 1914-க்குள் எப்.என். தொழிற்சாலை பத்து லட்சம் பிரவுனிங் கைத்துப்பாக்கிகளைச் செய்து முடித்துவிட்டது. பிரெஞ்சு மொழியில் பிரவுனிங் என்றாலே கைத்துப்பாக்கி என்று பொருளாயிற்று. பெல்ஜியம் அரசர் அவருக்கு விருது தந்தார். தொழிலாளர்கள் அவரைக் குருநாதர் என்று பொருள்படும் பட்டப்பெயரால் அழைத்தார்கள்.

ஆறாயிரம் தோட்டா

அமெரிக்க இராணுவம் மட்டும் யோசித்தது. சின்னத் துப்பாக்கி போர்க்களத்துக்கு உதவாது; பெரிய தோட்டா வேண்டும் என்றது. பல ஆண்டுகள் சோதனை நடந்தது. பிரவுனிங் பெரிய கைத்துப்பாக்கி ஒன்றைச் செய்தார். கோல்ட் கம்பெனி அதைத் தயாரித்தது. சாவேஜ் என்ற வேறொரு கம்பெனி போட்டிக்கு நின்றது.

1911-ம் ஆண்டு மார்ச் மாதம் கடைசிச் சோதனை. இரண்டு துப்பாக்கியாலும் ஆறாயிரம் தோட்டா சுட வேண்டும். நூறு தோட்டாவுக்கு ஒரு முறை ஆற விடலாம். ஆயிரத்துக்கு ஒரு முறை துடைத்து எண்ணெய் போடலாம். அவ்வளவுதான் சலுகை.

போட்டித் துப்பாக்கி 37 தடவை மக்கர் செய்தது. பிரவுனிங் துப்பாக்கி ஒரு தடவைகூட நிற்கவில்லை! மார்ச் 29-ந் தேதி இராணுவம் அதை ஏற்றது. 1985 வரை அமெரிக்க இராணுவத்தின் கைத்துப்பாக்கியாக அது விளங்கியது.

மூன்று மாதத்துக்குள் மணியாச்சியில் இன்னொரு பிரவுனிங் வெடித்தது.

யார் கையில்?

நம்பிக்கையான துப்பாக்கி நல்லவர், கெட்டவர் பார்ப்பதில்லை. யார் விசையை அழுத்தினாலும் சுடும். மலிவாகவும் சிறியதாகவும் இருந்ததால் அது எல்லாரிடமும் போய்ச் சேர்ந்தது.

1909-ல் ஹார்பின் ரெயில் நிலையத்தில் ஜப்பானியத் தலைவர் இட்டோ சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் கொரிய தேசபக்தர் அன் சுங் கன். கையில் பிரவுனிங்.

1914-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி. சாரயேவோ நகரம். ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவர் மனைவியும் காரில் வந்தார்கள். பிரின்சிப் என்ற 19 வயதுப் பையன் சுட்டான். இருவரும் இறந்தார்கள். அதுவும் பெல்ஜியத்துப் பிரவுனிங். அந்தக் கொலையைத் தொடர்ந்து முதல் உலகப் போர் மூண்டது. சில வாரங்களில் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தது. அந்தத் துப்பாக்கியைச் செய்த ஹெர்ஸ்டால் தொழிற்சாலையும் ஜெர்மானியர் வசமாயிற்று.

போர்க் காலத்தில் பிரெஞ்சு இராணுவத்துக்குக் கைத்துப்பாக்கி போதவில்லை. ஸ்பெயின் நாட்டுப் பட்டறைகளில் வாங்கினார்கள். அவை 1903-ம் ஆண்டு பிரவுனிங்கைப் பார்த்துச் செய்த மலிவு நகல்கள். ரூபி என்று பெயர். பல பட்டறைகள் செய்ததால் அளவு ஒத்துப்போகவில்லை. ஒரு பட்டறைத் துப்பாக்கியின் தோட்டாப் பெட்டி இன்னொரு பட்டறைத் துப்பாக்கியில் சரியாகப் பொருந்தாது. சில நன்றாக இருந்தன, சில மோசம்.

இரண்டுமே மலிவுதான். ஆனால் வித்தியாசம் உண்டு. பிரவுனிங் விலையைக் குறைத்தது பாகங்களைக் குறைத்து. நகல் செய்தவர்கள் குறைத்தது கவனத்தை.

மகனும் போருக்குப் போனான்

1917-ல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. பிரவுனிங் செய்த இயந்திரத் துப்பாக்கியைச் சோதித்தார்கள். இருபதாயிரம் தோட்டா சுட்டது. மேலும் இருபதாயிரம் சுட்டது. பார்த்தவர்கள் மலைத்துப் போனார்கள்.

அரசாங்கம் அவருக்கு ஏழரை லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. துப்பாக்கிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு வாங்கியிருந்தால் பல மடங்கு கிடைத்திருக்கும். அவர் பேரம் பேசவில்லை. சம்மதித்தார்.

அவர் மகன் வால், இராணுவ அதிகாரியாகப் பிரான்சுக்குப் போனார். 1918 செப்டம்பரில் தகப்பனார் செய்த துப்பாக்கியைப் போர்க்களத்தில் சுட்டுக் காட்டினார். தகப்பனாரின் ஒரு துப்பாக்கி வெடித்ததைத் தொடர்ந்து மூண்ட போர். அதிலேயே தகப்பனாரின் இன்னொரு துப்பாக்கியோடு மகன் நின்றார். வால் உயிரோடு திரும்பினார். லட்சக் கணக்கான பிள்ளைகள் திரும்பவில்லை.

பட்டறையிலேயே முடிவு

பிரவுனிங் 71 வயதிலும் உழைத்தார். 1926-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில் இருந்தபோது நெஞ்சு வலி வந்தது. அங்கேயே காலமானார். அவர் பெற்ற காப்புரிமைகள் 128. அவர் பாதியில் விட்ட கைத்துப்பாக்கியை பெல்ஜிய நிபுணர் ஒருவர் 1935-ல் முடித்தார். இரண்டாம் உலகப் போரில் இரு தரப்பாரும் அதையே ஏந்தினார்கள்! பின்னாளில் இந்திய இராணுவத்துக்காக வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை செய்த கைத்துப்பாக்கியும் அதன் வழி வந்ததுதான்.

மலிவான கைத்துப்பாக்கியை நம்பலாமா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டார். எளிமையாக, கவனமாகச் செய்தால் நம்பலாம். ஆனால் அதை ஏந்துகிற கையை நம்பலாமா? அந்தக் கேள்விக்கு எந்தப் பட்டறையிலும் பதில் இல்லை.

ஆக்டன் ஊரின் பழைய ரெயில் நிலையத்தில் பிரவுனிங் பெயரால் துப்பாக்கிக் காட்சிசாலை அமைத்தார்கள். கடலுக்கு இப்பால் நெல்லைச் சீமை அருகே இன்னொரு ரெயில் நிலையத்துக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர். ஒரு நிலையம் செய்தவரை நினைவூட்டுகிறது, மற்றொன்று ஏந்தியவரை.