ஆள் முதுகில் ஏற மாட்டேன்... வெறுங்காலில் மலை கடந்த ஹம்போல்ட்!

மழைக்காலத்துல பேக்பேக் மாட்டிக்கிட்டு மலைக்காட்டுக்குள்ள நடந்திருக்கீங்களா? முதல் ஒரு மணி நேரம் ரீல்ஸ் எடுப்போம். அடுத்த ஒரு மணி நேரத்துல ஷூவுக்குள்ள தண்ணி. அப்புறம் போனை பாலித்தீன் கவர்ல சுத்தி வெச்சுட்டு, எப்படா டீக்கடை வரும்னு ஆகிடும். ரெயின்கோட், வாட்டர்ப்ரூஃப் பை எதுவுமே இல்லாத காலத்துல இதையே நாள்கணக்கில் செய்தவர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்.

ஆண்டு 1801. இடம், அப்போது ஸ்பெயின் ஆட்சியில் இருந்த இன்றைய கொலம்பியா. ஆண்டிஸ் மலையில் இபகே என்ற ஊரிலிருந்து கார்த்தாகோவுக்குப் போக கிண்டியோ கணவாயைத் தாண்ட வேண்டும். நல்ல வெயில் காலத்திலேயே 10, 12 நாள் நடை. வழியில் ஒரு குடிசைகூடக் கிடையாது. வெள்ளம் வந்து நடுவில் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான் என்பதால், ஒரு மாதச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். ஹம்போல்ட் கிளம்பியது செப்டம்பர் கடைசியில். சரியான மழை நேரம்!

அந்தக் காட்டை மேகக்காடு என்பார்கள். ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறி, குளிர்ந்து, மேகமாகி மரங்களுக்குள்ளேயே தங்கிவிடும். மழை நின்றாலும் இலையும் பாசியும் சொட்டிக்கொண்டே இருக்கும். பாதை ஓரடி அகலம்தான். எருதுகள் மிதித்து மிதித்து அது பள்ளமாகி, பல இடங்களில் கூரையில்லாத சுரங்கம் மாதிரி ஆகியிருந்தது. உள்ளே முழுக்கச் சகதி.

இந்த வழியில் பணக்காரர்கள் எப்படிப் போவார்கள் தெரியுமா? மனிதர்களின் முதுகில். கார்கேரோ எனப்படும் சுமைகாரர்கள் முதுகில் நாற்காலியைக் கட்டிக்கொள்ள, பயணி அதில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்வார். ஓர் ஆள் வழக்கமாகத் தூக்கிய எடை 75 முதல் 88 கிலோ. தினமும் எட்டு, ஒன்பது மணி நேரம். முதுகுத்தோல் உரிந்து புண்ணாகிக் கிடக்கும். நோயில் விழுந்த சுமைகாரரை அப்படியே காட்டில் விட்டுவிட்டுப் போன பயணிகளும் உண்டு.

ஹம்போல்ட் நாற்காலியில் ஏறவில்லை. 32 வயது, பெர்லின் பிரபுக் குடும்பம், கையில் காசுக்குப் பஞ்சமில்லை. அம்மா 1796-ல் இறந்ததும் கிடைத்த சொத்தை நம்பி, சுரங்கத்துறை அரசு வேலையை உதறிவிட்டு உலகம் சுற்ற வந்தவர். இருந்தாலும், கூட வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் எமே போன்பிளானும் அவரும் நடந்தே போனார்கள். கருவிகளையும் சேகரித்த செடிகளையும் சுமக்க 12 எருதுகள் வந்தன. ஆக, பாரமே இல்லாத பயணம்னு சொல்ல முடியாது. மனுஷன் மேல ஏறலை, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கு. வேறொரு மலைவழியில் கோவேறு கழுதைகள் போகும்படி பாதை போடலாம் என்று பேச்சு வந்தபோது, எதிர்த்தவர்கள் சுமைகாரர்களேதான்! அது அவர்களின் பிழைப்பு. ஹம்போல்ட் அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

அந்தச் சுமைகாரர்களிடமிருந்து அவர் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் செம! பிஹாவோ என்ற செடியின் இலை அரை மீட்டர் நீளம் இருக்கும். அடிப்பக்கம் வெள்ளையாக, மெழுகு பூசிய மாதிரி. தண்ணீர் ஒட்டாது. மலையேறும் முன்பே சில நூறு இலைகளைப் பறித்துக்கொள்வார்கள். இரவில் கிளைகளை வெட்டிச் சட்டம் கட்டி, இலைகளை வரிசையாக மாட்டினால் டென்ட் ரெடி. போகியா பள்ளத்தாக்கில் விடாத மழையில் ஹம்போல்ட் பல நாள் இப்படி ஒரு டென்ட்டில் தங்கினார். நனையவே இல்லையாம்.

மேலே போகப் போகச் செடிகள் மாறுவதை அவர் குறித்துக்கொண்டே வந்தார். பனை என்றாலே வெப்பமான சமவெளி என்று நினைத்திருந்த காலம் அது. இங்கே 60 மீட்டர் வரை வளரும் மெழுகுப் பனைகள் குளிர்மலையில் நின்றன! எந்த உயரத்தில் எந்தச் செடி என்ற இந்தக் கணக்குதான், 1802-ல் சிம்போராசோ எரிமலையில் ஏறிய அனுபவத்தோடு சேர்ந்து, 1807-ல் தாவரப் புவியியல் பற்றிய அவரது புத்தகமாக வந்தது.

கிண்டியோவின் மேற்குச் சரிவில் இறங்கிய கடைசி நாள்களில் மழை கொட்டித் தீர்த்தது. சகதியில் துருத்தி நின்ற மூங்கில் முட்கள் ஷூக்களைக் கிழித்துப்போட்டன. கார்த்தாகோவுக்குள் அவர்கள் நுழைந்தது வெறுங்காலோடு, அதுவும் ரத்தக் காயத்தோடு.

1804-ல் ஐரோப்பா திரும்பினார். சொத்து முழுக்கப் பயணத்திலும் புத்தகங்களை அச்சிடுவதிலும் கரைந்தது. அடிமைமுறையைக் கடைசிவரை எதிர்த்து எழுதினார். இமயமலைக்கு வர ஆசைப்பட்டு லண்டனில் திரும்பத் திரும்பக் கேட்டார். கிழக்கிந்திய கம்பெனி அனுமதி தரவே இல்லை. 1859 மே 6, பெர்லினில் 89 வயதில் இறந்தார்.

அவர் இலை டென்ட்டில் தங்கிய போகியா, இன்றைக்கு பேக்பேக்கர்கள் குவியும் சலேன்டோ ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கோக்கோரா பள்ளத்தாக்குக்கு ஜீப்பில் போய், மெழுகுப் பனையோடு செல்ஃபி எடுக்கிறார்கள். 1985 முதல் அது கொலம்பியாவின் தேசிய மரம். சுற்றியிருந்த காட்டை மேய்ச்சலுக்காக அழித்துவிட்டதால், பல இடங்களில் வயதான பனைகள் மட்டும் தனித்தனியாக நிற்கின்றன. கீழே முளைக்கிற கன்றுகளை மாடுகள் மேய்ந்துவிடுகின்றன.