பாத்திரம் கழுவிய தண்ணீரில் தொடங்கிய ஆராய்ச்சி... செல் சவ்வின் ரகசியத்துக்கு வழிகாட்டிய ஆக்னஸ் போக்கெல்ஸ் யார்?

நம் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லையும் ஒரு சவ்வு சுற்றியிருக்கிறது. அது எவ்வளவு மெல்லியது தெரியுமா? சுமார் பத்தாயிரம் சவ்வுகளை அடுக்கினால்தான் ஒரு காகிதத்தின் தடிமன் வரும். இந்தச் சவ்வு இரண்டு அடுக்கு கொண்டது என்று கண்டுபிடிக்க உதவிய கருவி, முதலில் ஒரு வீட்டில் உருவானது. உருவாக்கியவர் கல்லூரிக்கே போகாத ஒரு பெண்.

யார் இவர்?

ஆக்னஸ் போக்கெல்ஸ் 1862-ல் வெனிஸ் நகரில் பிறந்தார். அப்பா ஆஸ்திரிய ராணுவத்தில் இருந்தவர். மலேரியாவால் உடல்நலம் கெட்டு அவர் ஓய்வு பெற, குடும்பம் ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகருக்குக் குடிபெயர்ந்தது.

ஆக்னஸுக்கு இயற்பியல் என்றால் உயிர். ஆனால் அப்போது அங்கே பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடமில்லை. தம்பி ஃப்ரீட்ரிக் இயற்பியல் படிக்கப் போனார். அக்கா வீட்டோடு இருந்து, உடம்பு முடியாத பெற்றோரைப் பார்த்துக்கொண்டார். சமையல், பாத்திரம் எல்லாம் அவர் தலையில்தான். தம்பி அனுப்பிய புத்தகங்களே அவருக்குக் கல்லூரி.

சமையலறையில் என்ன நடந்தது?

எண்ணெய்ப் பிசுக்கு பட்டதும் தண்ணீரின் மேற்பரப்பு மாறுவதை ஆக்னஸ் கவனித்தார். 1882-ல், 20 வயதில், ஒரு தகரத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்தார். பட்டையை நகர்த்தினால், தண்ணீர் மேல் இருக்கும் எண்ணெய்ப் படலம் நெருங்கும் அல்லது விரியும். தண்ணீரைத் தொட்டபடி ஒரு சின்னப் பொத்தானை வைத்து, அதைப் பிய்த்தெடுக்க எவ்வளவு விசை தேவை என்று தராசில் அளந்தார்.

படலத்தை ஓரளவு நெருக்கும்வரை பெரிய மாற்றம் இல்லை. அந்த எல்லையைத் தாண்டியதும் தண்ணீரின் பரப்பு இழுவிசை சட்டென்று குறைந்தது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்டு, ஒரே அடுக்காக நிற்கும் எல்லை அது.

உலகத்துக்கு எப்படித் தெரிந்தது?

கிட்டத்தட்ட 10 வருஷம் இது வெளியே தெரியவே இல்லை. 1891 ஜனவரியில், இதே விஷயத்தை ஆராய்ந்துவந்த இங்கிலாந்து விஞ்ஞானி ரேலே பிரபுவுக்கு ஆக்னஸ் ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதினார். ரேலேவின் மனைவி அதை மொழிபெயர்க்க, ரேலேவின் பரிந்துரையோடு மார்ச் மாதம் 'நேச்சர்' இதழில் வெளியானது.

செல் சவ்வுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1917-ல் அமெரிக்க விஞ்ஞானி லாங்மியர் இதே முறையை மேம்படுத்தினார். 1925-ல் நெதர்லாந்தின் கோர்ட்டர், கிரெண்டெல் இருவரும் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து, அப்படியொரு தொட்டித் தண்ணீரில் பரப்பினார்கள். அது செல்களின் பரப்பைப் போல இரண்டு மடங்கு இடத்தை அடைத்தது. அப்படியென்றால் சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்கு! அவர்கள் கணக்கில் இரண்டு பிழைகள் இருந்தன. ஆனால் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் விடை சரியாகவே வந்தது.

ஏன் இரண்டு அடுக்கு? இந்தக் கொழுப்பு மூலக்கூறின் தலை தண்ணீரோடு சேரும், வால் ஒதுங்கும். செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். அதனால் தலைகள் இரண்டு பக்கமும் பார்க்க, வால்கள் நடுவில் ஒளிந்துகொள்கின்றன. ஆக்சிஜன் இதற்குள் சுலபமாகப் புகுந்துவிடும். சர்க்கரையும் உப்பும் உள்ளே போக, சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் கதவு திறக்க வேண்டும்.

தாமதமாக வந்த மரியாதை

1932-ல் லாங்மியருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு, 70 வயதான ஆக்னஸுக்கு பிரௌன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1935-ல் அவர் காலமானார். அந்தத் தொட்டி இன்றும் ஆய்வகங்களில் இருக்கிறது. ஆனால் அதன் பெயர், லாங்மியர் தொட்டி.