டார்சி தாம்சன்

மலரின் இதழும் சங்கின் சுருளும் மீனின் உடலும் தத்தமக்குரிய வடிவத்தை எங்ஙனம் பெற்றன? இவ்வினாவிற்குக் கணிதத்தின் துணைகொண்டு விடை தேடிய பேரறிஞர் டார்சி தாம்சன் ஆவார்.

அவர் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் 1860ஆம் ஆண்டு பிறந்தார். பிறந்த சில நாட்களிலேயே அன்னையை இழந்து, தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் வளர்ந்தார். தந்தையார் கிரேக்க மொழிப் பேராசிரியர். ஆதலின் மொழிப்புலமையும் விலங்கியலும் கணிதமும் தாம்சனிடத்தில் ஒருங்கே குடிகொண்டன. 1884இல் டண்டீ நகரக் கல்லூரியில் பேராசிரியரானார். 1917இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் சென்றார். இவ்வாறு 64 ஆண்டுகள் பேராசிரியராகவே விளங்கினார்.

அக்காலத்து அறிஞர் பலர், ஓர் உறுப்பின் பயனைக் கூறினால் அதன் வடிவத்திற்குக் காரணம் கூறியதாகும் என்று எண்ணினர். தாம்சன் அதனோடு நிறைவுறவில்லை. பயனை அறிவது வேறு. வடிவம் உருவாகும் வகையை அறிவது வேறு. நீரையும் கல்லையும் ஆளும் விதிகளே உயிருள்ள உடலையும் ஆள்கின்றன. ஆகவே வளரும் உடலில் தொழிற்படும் விசைகளை ஆராய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

சோப்புக் குமிழிகள் நெருங்கிக் கூடும்போது அவற்றின் சுவர்கள் மும்மூன்றாகச் சந்திக்கின்றன. அங்குத் தோன்றும் ஒவ்வொரு கோணமும் 120 பாகையாகும். பரப்பைக் குறைக்க முயலும் இழுவிசையே அதற்குக் காரணம். உடலின் உயிரணுக்கள் நெருங்கியிருக்கும் இடங்களிலும் இத்தகைய அமைப்பு உண்டெனத் தாம்சன் காட்டினார். உயிரணு இரண்டாகப் பிரியும்போது, இடையே எழும் சுவர் இயன்றவரை சிறிய பரப்புடையதாய் அமையும் என்பது பெல்ஜிய அறிஞர் எரேரா 1886இல் கண்ட விதி. அதன்படி ஒரு வட்டம் மேன்மேலும் பிரிந்தால் எங்கெங்கே சுவர் எழும் எனத் தாம்சன் கணக்கிட்டு, கடற்பாசியின் வளர்ச்சியோடு ஒப்பிட்டார்.

இவற்றையெல்லாம் தொகுத்து, வளர்ச்சியும் வடிவமும் பற்றிய தம் பெருநூலை 1917இல் வெளியிட்டார். அதனைப் போற்றியோர் பலர். அவ்வழியில் நடந்தோர் சிலர். ஆயிரக்கணக்கான உயிரணுக்களின் விசைகளைக் கையால் கணக்கிடுதல் எளிதன்று. ஆயினும் அவர் தளர்ந்தாரல்லர். முதுமையிலும் நூலைத் திருத்தி விரித்து 1942இல் மீண்டும் வெளியிட்டார். 1947ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், தம் 86ஆம் அகவையில், தில்லியில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிற்கும் வந்தார். 1948இல் மறைந்தார்.

உயிரணு வெறும் குமிழி அன்று. தன்னுள் அமைந்த நுண்ணிழைகளால் தானே சுருங்கவும் இழுக்கவும் வல்லது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதனால் தாம்சன் கூறிய விடைகள் சில திருத்தம் பெற்றன. அவர் எழுப்பிய வினாவோ நிலைபெற்றது. இன்று அறிஞர்கள் உயிரணுக்களைப் பல கோண வடிவங்களாகக் கொண்டு, அவை ஒன்றையொன்று தள்ளியும் இழுத்தும் பிரிந்தும் திசுவாக வளரும் முறையைக் கணிப்பொறியில் கணக்கிடுகின்றனர். தக்க வினாவை எழுப்பி, அதனை வாழ்நாள் முழுவதும் விடாது பற்றுபவரே அறிவுலகிற்கு வழிகாட்டுவர் என்பதற்குத் தாம்சனின் வாழ்க்கை சான்றாகும்.